யாருக்கும் சொந்தமில்லாத ஃபைல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த வருடங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த விடியற்காலை வெளிச்சம்தான். ஐந்து மணிக்கு இருட்டு முழுசாக விலகியிருக்காது. கீழே யாரோ வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். கோயில் பக்கமிருந்து வரும் நாதஸ்வரம் காற்றடிக்கும் நாளில் கேட்கும், காற்று இல்லாத நாளில் கேட்டது போலவே இருக்கும். திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருக்கும். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில், அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். படிக்க மாட்டேன். ஆற்றில் தண்ணீர் போவதைப் பார்ப்பது மாதிரி பார்ப்பேன், அவ்வளவுதான்.

என் உத்தியோகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனி. பட்டறைகளில் இரும்புத் தகடு வெட்டும் மெஷின்களை ஓட்டுவதற்கு சாஃப்ட்வேர் செய்கிறது. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராம்களையெல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டிப் பட்டறைகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. கையால் கட்டுவதில்லை, தினமும் ஐந்து மணிக்கு சர்வரே அதைச் செய்யும். துடைத்து வைத்த வெறும் அறை மாதிரி ஒரு இடத்தை உண்டாக்கி, அதற்குள் பேக்கேஜைக் கட்டி, ஒரு சோதனைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் வெளியே அனுப்பிவிடும். பட்டறைக்காரர்கள் காலையில் மெஷினைப் போட்டதும் புதுசு தானாக ஏறிக்கொள்ளும். பெரிய கோயில் மடைப்பள்ளியில் தினமும் புதுப் பானையில்தானே தளிகை, அந்த மாதிரி என்று ஒருநாள் என் கணவரிடம் விளக்கிவிட்டேன். அதிலிருந்து மனுஷர் விடவில்லை. தினமும் கீழேயிருந்து குரல் வரும்.

"உன் பெட்டிக்குத் தளிகை ஆச்சா?"

பல நாள் ஆகாது. கட்டுகிற இடம்தான் தினமும் புதுசு. போட்டுப் பார்க்கிற சோதனைக் கம்ப்யூட்டர் பழசு. முந்தின நாள் பேக்கேஜ் பாதியில் நின்றுபோயிருந்தால் அதன் ஃபைல்கள் ஒன்றிரண்டு அங்கேயே கிடக்கும். மறுநாள் புதுப் பேக்கேஜ் அதே இடத்துக்கு வந்து முட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அது எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று சிவப்பில் இரண்டு வரி வரும். எல்லாம் நின்றுவிடும். நான் உள்ளே போய் அந்த மிச்சத்தைத் தேடிப் பிடித்து அழித்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது இந்தக் கூத்து நடக்கும்.

எனக்கு மிச்சம் என்றாலே ஆகாது. வளர்ந்த வீடு அப்படி. சாதம் தொட்ட கையால் தயிரைத் தொடக் கூடாது, ராத்திரி மீந்தது காலையில் சமையல் உள்ளில் இருக்கக் கூடாது, ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பாத்திரம் திரும்பத் தேய்க்கப் போகும். அந்தச் சட்டங்களில் பாதியை எப்போதோ விட்டாயிற்று. மிச்சத்தைக் கண்டால் முகம் சுளிக்கிற புத்தி மட்டும் போகவில்லை, கம்ப்யூட்டருக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. கோபம் வேறு எனக்கு மூக்குக்கு மேல் வரும். வந்தால் வந்ததுதான்.

அந்த வருடம் சித்திரைத் தேர் சமயத்தில் வீடு நிறைய விருந்தாளிகள். குளிக்க வரிசை, காபிக்கு வரிசை. மூன்று நாள் தொடர்ச்சியாக சிவப்பு வரி. தேரன்று காலையில் மாடியேறி வந்து பார்த்தால் அன்றைக்கும் நின்றிருக்கிறது. கீழே தேர் பார்க்க எல்லாரும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் ஈரத் தலையோடு மிச்ச ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போதுமடா சாமி என்று ஒரு வரி எழுதினேன். எங்கள் இடத்தில் சொந்தமில்லாத ஃபைல் எது இருந்தாலும் அழித்துவிட்டு மேலே போ என்று அர்த்தம். எழுதி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் தேரைப் போய்ப் பார்த்தேன். வெயிலில், சுற்றுக் கிராமத்து ஜனங்களின் தலைகளுக்கு மேல், அது அசைந்து வந்தது கனவில் வருகிற மாதிரி இருந்தது.

மறுநாள் சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை. மாடியிலிருந்து தெருவைப் பார்த்தேன். கூட்டத்தில் கழன்று போன செருப்புகள் தெரு முழுக்கக் கிடந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஒற்றை, ஜோடி, குழந்தைச் செருப்பு. துப்புரவுக்காரர்கள் கூட்டிக் குவித்து வண்டியில் அள்ளிப் போட்டார்கள். பத்து நிமிஷத்தில் தெரு சுத்தமாயிற்று. பார்க்க எனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து எங்கள் மேனேஜர் ஒரு நம்பரைக் கொடுத்து, அரியமங்கலத்துப் பட்டறை முதலாளி ஒருவர் பேச வேண்டும் என்கிறார், பேசிவிடுங்கள் என்றார். பேசினேன். அவர் வெட்டுகிற தகடுகளில் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையாம். மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் போல்ட் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறதாம். அனுப்பின சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. மெஷினை ஓட்டுவது பாலக்கரையிலிருந்து வருகிற ஒரு பெண். ஆறு வருடமாக அதே மெஷின். அந்தம்மாவைக் கேட்டால் ஏதோ ஃபைலைக் காணோம் என்கிறாராம்.

"அப்படித் தானா காணாமப் போகுமாங்க மேடம்?"

எதிரே திரையில் இரண்டு வாரத்துப் பச்சை வரிகள் வரிசையாக நின்றன. அந்தத் தைரியத்தில் சொன்னேன். "எங்க பேக்கேஜ் யாரோட ஃபைலையும் தொடாதுங்க. அங்க யாராவது கை வச்சிருப்பாங்க, பாருங்க."

அவர் சரிங்க என்று வைத்துவிட்டார். நானும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

அந்தக் கோடையில் மத்தியானத் தூக்கம் ஒரு மாதிரியாக இருக்கும். ஃபேன் வெக்கைக் காற்றைச் சுற்றிச் சுற்றி விடும். தூக்கமா விழிப்பா என்று தெரியாது. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. பிராகாரத்தில் கல் தரையில் ஃபைல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஃபைல் என்று எப்படித் தெரிந்தது என்றால் சொல்லத் தெரியாது, கனவில் தெரியும். பார்க்க மனுஷர்கள் மாதிரிதான். நான் கையில் ஒரு பட்டியலோடு போய் ஒவ்வொருவரையும் நீங்க யாராத்து மனுஷா என்று கேட்கிறேன். அவர்கள் என்னைத் தெரிந்தவர்கள் மாதிரி பார்க்கிறார்கள். காபி குடிக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். என் கணவர் மட்டும், பட்டியலில் யார் பேர் இருந்தது என்று கேட்டார். அதைப் பார்க்கவில்லையே என்றேன்.

வைகாசியில் மேனேஜர் ஒரு வேலை கொடுத்தார். நான் எழுதின அந்த ஒரு வரியால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேக்கேஜ் ஏறின பிறகு ஒவ்வொரு பட்டறையும் ஒரு பதிவு திருப்பி அனுப்பும், அதையெல்லாம் யாரும் திறப்பதில்லை. அன்றைக்கு மத்தியானம் உட்கார்ந்து திறந்தேன். முதலில் விளங்கவில்லை. என் வரி சோதனைக் கம்ப்யூட்டரில்தானே வேலை செய்ய வேண்டும், பட்டறைப் பதிவிலெல்லாம் அது ஏன் வருகிறது? அப்புறம் விளங்கியது. தேரன்று அவசரத்தில் அதைச் சோதனைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துவிட்டேன். அது எல்லா ஊருக்கும் போய், எல்லா மெஷினிலும் புகுந்து, சொந்தமில்லாதது இருக்கிறதா என்று தேடியிருக்கிறது. ஒரே ஒரு பட்டறையைத் தவிர வேறெங்கும் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அரியமங்கலத்தில் ஒரு ஃபைல் கிடைத்திருக்கிறது. தேருக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு அதை அழித்திருக்கிறது. பெயர் தமிழ் எழுத்தில் இருந்தது: திருத்தம்.

எங்கள் ஃபைல்கள் எதற்கும் தமிழில் பெயர் கிடையாது. ஆனால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் அந்த மெஷினுக்கு முதல்முதலாக சாஃப்ட்வேர் போட நான்தான் போயிருந்தேன். முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பட்டறைத் தரை லாரி நிற்கிற பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொரு அளவு கூட்டிக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கிறது, அதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளுமா என்று. நல்ல கேள்வி என்றேன். ஒரு ஃபைலில் எழுதி இந்த இடத்தில் வையுங்கள், புரோகிராம் எடுத்துக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தேன். தமிழில் பெயர் வைக்கலாமா என்றார். தாராளமாக என்றேன். இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும், அப்புறமா நான் பேக்கேஜில் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சேர்த்திருந்தால் அதற்குச் சொந்தம் வந்திருக்கும். பஸ் ஏறினதும் மறந்துவிட்டேன். அந்த அப்புறம் ஆறு வருடமாக வரவே இல்லை.

உடனே பட்டறைக்குப் போன் போட்டேன். முதலாளி இல்லை, வேறு ஒருவர் எடுத்தார். மெஷின் ஓட்டுகிற அந்த அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். அவங்க இப்ப மெஷின்ல இல்லைங்க, பிசிறு தேய்க்கிற பக்கம் உட்கார வச்சிருக்கு என்றார். பிறகு, கேட்காமலே, இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லியாச்சுங்க என்றார். மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டுப் புதுப் பேக்கேஜ் அனுப்புங்கள், எதனால் என்று வெளியே சொல்ல வேண்டாம், வாடிக்கை போய்விடும் என்றார். அந்தப் பெண் வேலை போகிறதே என்றேன். அது அவர்கள் பட்டறை விஷயம் இல்லையா என்றார். நான் சரி என்றேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சரி என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். தெருவில் ஒரு செருப்பும் இல்லை. ஆனால் தேரன்று சாயங்காலம் எத்தனை பேர் தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்திருப்பார்கள் என்று அப்போதுதான் முதல்முதலாக நினைத்தேன்.

மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபத்தில் எழுதினாயா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குடையை எடுத்துக் கொடுத்தார்.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் மணல்தான் அதிகம், ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், அதில் வானம். மனசுக்குள் வசனம் ஒத்திகை ஓடியது. சிஸ்டத்தில் சின்னக் கோளாறு, எதிர்பாராத விதமாக, ஒரு அப்டேட் காரணமாக. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் இல்லாமல் இருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடித்து அரியமங்கலம் போய்ச் சேர்வதற்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று, நல்லவேளை.

பட்டறைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தகட்டு ஓரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சும்மா நின்றது. முதலாளி வாங்க மேடம் என்று நாற்காலி போட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ வந்துவிட்டால் என் வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். நின்றபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அந்த ஃபைலை அழிச்சது நான்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. அன்னிக்குப் போன்ல நான் உங்ககிட்ட சொன்னது பொய்யாப் போச்சு."

முதலாளி சிரித்துவிட்டு, பரவாயில்லைங்க மேடம், கம்ப்யூட்டர்னா அப்படி இப்படித்தான் இருக்கும், உக்காருங்க என்றார். ஒரு மூச்சில் என்னை மன்னித்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பெண் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கை முழுக்க இரும்புத் தூள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், குரலில் இல்லை. "நீங்கதானே மேடம் அங்க வைக்கச் சொன்னீங்க" என்றார்.

ஆமாம், நான்தான் வைக்கச் சொன்னேன் என்றேன். அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஒரு மாசமா நானும் இதையேதான் சார் சொன்னேன். அவங்க ஒரு தடவை சொன்னதும் கேட்டுக்கிட்டீங்க."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, போம்மா, மெஷினைப் போடு என்றார். டீ வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, டீயின் ஆவி என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஃபைல் போனது போனதுதான். வேறு பிரதி கிடையாது. இரண்டு நாள் நான் அந்தப் பட்டறையிலேயே இருந்தேன். அவர் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார், அளப்பார், கண்ணை மூடி யோசிப்பார், எண்ணைச் சொல்வார். நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொள்வேன். லாரிப் பக்கத்து மூலைக்கு ஒரு எண். நடுவுக்கு ஒன்று. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூரைச் சூடு கீழே இறங்கினால் எல்லாவற்றுக்கும் வேறு எண். தஞ்சாவூர் ரயில் போகும்போது தரை அதிரும், வெட்டக் கூடாது என்று ஒரு குறிப்பு. தரையில் வெயில் கட்டங்கட்டமாக நகர்ந்துகொண்டே இருந்தது. ரயில் வந்தால் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு அது போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் அந்த இரண்டு நாளும் போயின. ஒரு தரைக்கு இவ்வளவு சுபாவம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மழை நாளுக்கும் ஒரு வரி வைத்திருந்தாராம். தரை ஈரம் குடித்தால் இன்னும் கொஞ்சம் இறங்குமாம். அது மழை வந்தால்தான் தெரியும் என்றார். அந்த வரியைக் காலியாக விட்டோம்.

முடிந்ததும், இந்தத் தடவை அங்கேயே உட்கார்ந்து பேக்கேஜில் சேர்த்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் பொறுப்பு யார் என்று ஒரு இடத்தில் எழுத வேண்டும். வழக்கமாகக் கம்பெனி பெயர் போடுவோம். எழுதப் போகும்போது கை நின்றது. யார் பெயர் போடட்டும் என்று அவரிடம் கேட்டேன்.

"என் பேரையே போடுங்க மேடம். தப்பாப் போனா எப்படியும் என்னைத்தான் கேக்கப் போறாங்க. சரியா வந்தாலும் என்னையே கேக்கட்டும்."

இனிஷியலோடு சேர்த்து எழுதினேன். மறுநாள் ஐந்து மணிக்கு வெள்ளை வரிகள் மேலே ஏறின. அன்றைக்குப் படித்தேன், ஒவ்வொரு வரியாக. நடுவில் அவர் பெயர் வந்து போயிற்று. கீழேயிருந்து தளிகை ஆச்சா என்று குரல் வந்தபோது நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.

மேனேஜர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு சரியாகிவிட்டார். வாடிக்கை போகவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். சோதனைக் கம்ப்யூட்டரில் மிச்சம் வந்தால் பழையபடி நானே உள்ளே போய், இது யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன். நேரம் ஆகத்தான் செய்கிறது. கோபமும் வரத்தான் செய்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. ராத்திரியிலிருந்து நல்ல மழை. போனிலும் மழைச் சத்தம், என் ஜன்னலிலும் மழைச் சத்தம். அரியமங்கலத்து அம்மாதான். மழை வந்துவிட்டது, வெட்டிப் பார்த்துவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நான்கு எண்கள் சொன்னார். காலியாக இருந்த வரியில் எழுதினேன். எழுதிக்கொண்டேன் என்றேன்.

"சேத்துட்டீங்களா மேடம், இல்ல அப்புறமாவா?"